பழைய தட்டெழுத்துப் பொறி: கிட்டியதும் நழுவியதும்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் நம் அன்பர்களிடையே ஆண்டுக்காண்டு வளர்ந்து வருவதைக் காண்கிறோம். ஒருவர் சுவர்க் கடிகாரங்களைச் சேர்க்கிறார். ஒருவர் வானொலிப் பெட்டிகளைத் தேடுகிறார். பாட்டியின் தையற்பொறியைத் துடைத்துக் கூடத்தில் வைத்துக்கொண்டு மகிழ்பவரும் உளர். இத்திங்கள் அவற்றுள் ஒன்றைப்பற்றி மட்டும் நேயர்களோடு உரையாட விரும்புகிறோம். அது தட்டெழுத்துப் பொறி. நம்மில் பலரும் 'டைப்ரைட்டர்' என்றே சொல்லி வளர்ந்த அந்தப் பழைய இரும்புத் தோழன்.

இப்பொறியின்மீது நமக்குத் தனிப்பட்ட உரிமை ஒன்று உண்டு. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி, மாதுங்காவிலும் கரோல்பாகிலும் கல்கத்தாவின் தென்பகுதியிலும் குடியேறிய முதல் தலைமுறையினர் பலர் கையில் கொண்டுவந்தது என்ன? நிலமில்லை, முதலில்லை. 'லோயர்', 'ஹையர்' தட்டெழுத்துத் தேர்வுச் சான்றிதழும், பிட்மன் சுருக்கெழுத்தும், ஒரு டிரங்குப் பெட்டியுமே அவர்கள் கொண்டுவந்த செல்வம். அந்தச் சான்றிதழை நம்பியே தங்கையரின் திருமணங்கள் நடந்தன. தம்பியரின் படிப்பு முடிந்தது. ஆகவே பழைய கடையொன்றில் தூசி படிந்த தட்டெழுத்துப் பொறியைக் கண்டால், நம்மவர் கால்கள் தாமே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

நின்றபின் என்ன செய்வது? வாங்குவதா, விடுவதா? எவ்வளவு கொடுக்கலாம்? இவற்றைப்பற்றியே இங்குச் சில சொல்ல முற்படுகிறோம்.

முதலில் சந்தையின் நிலையை அறிந்துகொள்வது நலம். இந்நாட்டில் இப்பொறிகள் அரிய பொருள்கள் அல்ல. கல்கத்தாவில் ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் இருந்தது. 1955-இல் பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனம் தன் முதல் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியது. சென்னையில் ராயலா நிறுவனத்தார் ஹால்டா பொறிகளைச் செய்தார்கள். சென்னையை அடுத்த பெருங்குடியில் பேசிட் பொறிகள் உருவாயின. அலுவலகங்கள், நீதிமன்றங்கள், வங்கிகள், பள்ளிகள் என எங்கும் அவை ஒலித்தன. கணினி வந்தது, ஒலி அடங்கிற்று. கோத்ரெஜ் நிறுவனமும் 2009-இல் தட்டெழுத்துப் பொறி செய்வதை நிறுத்திக்கொண்டது. அலுவலகங்கள் தம் பொறிகளைக் குவியல் குவியலாக ஏலத்தில் தள்ளின. அவற்றில் பெரும்பகுதி பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று. எஞ்சியவையே இன்று நாம் காண்பவை.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? கோத்ரெஜ் பிரைமா, சாதாரண ரெமிங்டன், ஹால்டா போன்ற ஆங்கிலப் பொறிகள் எண்ணற்றவை செய்யப்பட்டன. எனவே ஒன்று தவறினால் மற்றொன்று கிடைக்கும். அவற்றைக் காட்டி, "இதுவே கடைசி, இதைப்போல் வேறு கிடைக்காது" என்று கடைக்காரர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொண்டு நகரலாம். அவசரப்பட்டு அதிக விலை கொடுக்க வேண்டுவதில்லை.

விலையைக் கணிக்க எளிய வழி ஒன்று உண்டு. மேசைமேல் வைக்கும் பெரிய பொறி ஏறத்தாழ 15 கிலோ எடை இருக்கும். அன்றைய பழைய இரும்பின் விலையால் அதனைப் பெருக்கினால் வருவது அடித்தள விலை. பங்கார்க்காரர் கொடுக்கக்கூடியது அதுவே. அதன்மேல் கடைக்காரரின் உழைப்புக்கும் இடத்துக்கும் ஒரு தொகை நியாயமானது. ஆனால் வாங்குபவர் கணக்கு அங்கே முடிவதில்லை. பழுதுபார்க்கும் செலவையும், வீடு கொண்டுவந்து சேர்க்கும் வண்டிக்கூலியையும் கூட்டிப் பார்த்தபின்பே, கிடைத்தது மலிவா அன்றா என்பது விளங்கும். பாதி விலைக்கு வாங்கிய பொறிக்கு இரு மடங்கு பழுதுச் செலவு செய்பவரை நாம் கண்டதுண்டு.

எனவே வாங்குமுன் பொறியைச் சோதிப்பது இன்றியமையாதது. கையில் வெள்ளைத்தாள் ஒன்றும் சிறு துணி ஒன்றும் கொண்டு செல்லுங்கள். தாளைச் செருகி ஒவ்வொரு விசையையும் ஒருமுறை தட்டுங்கள். பின்னர் ஷிப்டை அழுத்தி மற்றொருமுறை தட்டுங்கள். எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? மேலும் கீழுமாகத் துள்ளுகின்றனவா? கேரேஜ் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையின்றி ஓடுகிறதா? வரி முடியுமுன் மணி ஒலிக்கிறதா? ரிப்பன் நகர்கிறதா, முடிந்ததும் திசை மாறுகிறதா? இவற்றைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும்.

குறைகளிலும் அஞ்சத்தக்கவை உண்டு, அஞ்சத்தகாதவை உண்டு. விசை தட்டியதும் எழுத்துக்கோல் எழும்பி அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசுக்காகி இறுகியதே காரணம். ஸ்பிரிட்டும் தூரிகையும் கொண்டு துடைத்தால் சரியாகிவிடும். அவ்விடத்தில் மேலும் எண்ணெய் விடலாகாது. தேங்காயெண்ணெய் அறவே ஆகாது. கேரேஜ் நகராமல் கிடந்தால், அதை இழுக்கும் பட்டை அறுந்திருக்கலாம். உறுதியான நூலைக் கொண்டே அதனைச் சீர்செய்ய இயலும். ஆனால் ரோலர் கல்லாய் இறுகியிருந்தால் கவனம் தேவை. நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றும் இளகாவிடில், எழுத்து தாளைத் துளைக்கும். இரண்டு தாள்களை அடியில் வைத்து ஓரளவு சமாளிக்கலாம். எழுத்துக்கோல் முறிந்ததும், சட்டம் வெடித்ததும், பகுதிகள் காணாமற்போனதும் ஆகிய பொறியைப் பிற பொறிகளுக்கு உதிரிப்பாகம் எடுக்கும் பொருட்டன்றி வாங்குதல் வேண்டா. ரிப்பன் சுருளும் தகரச் சக்கரங்கள் இரண்டும் உள்ளனவா என்று மறவாமல் பாருங்கள். அரை அங்குல ரிப்பனைப் பழைய சக்கரத்தில் கையாலேயே சுற்றிக்கொள்ளலாம். அச்சக்கரம் தொலைந்தால் தேடி அலைய வேண்டும்.

பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது என்பதும் நினைவிலிருக்கட்டும். புதுச் சாயம் பூசி, பொன்னெழுத்தில் பெயர் ஒட்டிய பொறியைவிட, மங்கிய பழைய சாயத்தோடு ஒழுங்காக ஓடும் பொறியே மேல். பித்தளைப் புனல் வைத்துப் புதிதாகச் சேர்த்துக் கட்டிய 'பழைய' கிராமபோன்கள் நம் நகரத்துச் சந்தைகளில் நெடுங்காலமாக விற்பனையாகி வருவதை அறியாதார் யார்?

இனி நாம் சொல்லக் கருதிய முதன்மையான செய்திக்கு வருகிறோம். ஆங்கிலப் பொறி தவறினால் மற்றொன்று கிடைக்கும் என்றோம். தமிழ்ப் பொறிக்கு அவ்விதி பொருந்தாது.

தமிழைத் தட்டெழுத்தில் அமைத்தது எளிய செயலன்று. 46 விசைகள் உள்ள பொறியில், விசைக்கு இரண்டாக 92 குறிகளுக்கே இடமுண்டு. நம் எழுத்துகளோ 247. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவில் பணிபுரிந்த ஆர். முத்தையா இச்சிக்கலில் பல காலம் உழைத்தார். கொம்பு, கால் போன்ற துணைக்குறிகளைத் தனித்தனி விசைகளாக்கினார். புள்ளியை 'நகரா விசை' ஆக்கினார். அவ்விசையைத் தட்டினால் புள்ளி தாளில் விழும், கேரேஜ் நகராது. அடுத்து மெய்யெழுத்தைத் தட்டினால் அதே இடத்தில் புள்ளியின்கீழ் எழுத்து அமையும். கையால் எழுதும்போது எழுத்தை எழுதிப் பின்னர்ப் புள்ளி வைக்கிறோம்; பொறியிலோ புள்ளி முந்தும், எழுத்து பிந்தும். இவ்வகைப் பொறிகள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல்-நௌமன் தொழிற்சாலையில் 'பிஜோ' என்னும் பெயரில் உருவாகி வந்தன. 1956-இல் சென்னை மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியபின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழ்ப் பொறிகள் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றுக்கும் சந்தையில் நாம் கொடுக்கும் விலைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். மிக நெருங்கிய தொடர்பு உண்டு.

மும்பையின் பேண்டி பஜாரை அடுத்த சோர் பஜாரிலோ, கல்கத்தாவின் ஏலக்கூடங்களிலோ, பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ ஒரு தமிழ்ப் பொறி வந்து சேர்கிறது என்று கொள்வோம். தமிழறியாத கடைக்காரர் அதைத் தட்டிப் பார்க்கிறார். ஒரு விசையைத் தட்டினால் கேரேஜ் நகர்கிறது. மற்றொன்றைத் தட்டினால் நகரவில்லை. பலமுறை தட்டுகிறார், அங்கேயே நிற்கிறது. "பிகட் கயா" என்று முடிவு கட்டி, அதனைப் பழுதானவற்றோடு மூலையில் தள்ளுகிறார். எது அப்பொறியின் அருமையோ, அதுவே பழுதென்று எண்ணப்படுகிறது! அதன் விசைகளைப் படிக்கத் தெரிந்தவர் வரும்வரை அதற்கு இரும்பு விலையே விலை. அவ்வாறு வரக்கூடியவர் யார்? அச்சந்தையில் நடக்கும் ஆயிரம்பேரில் நாமே அன்றோ? நாம் கடந்து போனால், அதனை அறிந்து வாங்க வேறு எவரும் பின்னால் வரப்போவதில்லை.

அன்பர் ஒருவர் சொன்ன செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. சோர் பஜாரில் வெள்ளிதோறும் விடியற்காலையில் நடைபாதையில் சந்தை கூடும். ஒரு வெள்ளியன்று அவர் அங்கே தமிழ் எழுத்து விசைகள் கொண்ட சிறு பொறி ஒன்றைக் கண்டார். விலையும் மிகுதியன்று. ஆனால் அவர் கையில் வேறு சுமை இருந்தது, அலுவலகத்துக்கும் நேரமாயிற்று. "அடுத்த வெள்ளி வந்து எடுத்துக்கொள்ளலாம், இதை வேறு யார் வாங்கப் போகிறார்கள்?" என்று எண்ணிச் சென்றுவிட்டார். அடுத்த வெள்ளி பொறி இல்லை. வாங்கியவர் எழுதுவதற்காக வாங்கவில்லையாம். விசைகளை வெட்டியெடுத்துச் சட்டைப் பொத்தானும் பதக்கமும் செய்பவராம். 'அ'வும் 'க'வும் இன்று எவர் கழுத்தில் தொங்குகின்றனவோ!

அவருடைய எண்ணத்தில் பாதி உண்மை இருந்தது. எழுதுவதற்காக வேறு எவரும் வாங்கப் போவதில்லைதான். ஆனால் அழிப்பதற்கு வாங்குபவர் எப்போதும் உளர். ஆகவே நாம் ஒரு விதி வகுத்துக்கொள்ளலாம். எளிதில் கிடைக்கும் பொறியாயின் ஒரு வாரம் பொறுத்திருந்து வாங்கு; தமிழ்ப் பொறியாயின் அன்றே முடிவு செய். முழுத்தொகை கையில் இல்லாவிடில் முன்பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள். சுமை மிகுதியாயின் டாக்சி வைத்துக்கொள். சென்னையின் மூர் மார்க்கெட்டில் அடுத்த முறை வாங்கலாம் என்று விட்டுவந்த பொருள்கள் எத்தனை எத்தனையோ! 1985 மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. அடுத்த முறை என்பதே இல்லாமற் போயிற்று.

தமிழ்ப் பொறி என்று விசையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஒரு சோதனை வேண்டும். எழுத்துக்கோலின் முனையிலுள்ள அச்சும் விசையின்மேல் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்று தாளில் தட்டிப் பாருங்கள். இடையில் எவரேனும் அச்சுகளை மாற்றிப் பற்றவைத்திருக்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் சில விசைகளின் இடம் மாறும், அது குறையன்று. பொறியின் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்த ஆண்டை அறிய அதுவே துணை. பழுதுபார்ப்பவர் இங்குக் கிடைக்காவிடில், ஊருக்குச் செல்லும்போது கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கணினி வந்தபின்பும் தட்டெழுத்துப் பயிலகங்கள் நெடுநாள் நடந்தமையால், தமிழ்ப் பொறியின் நுட்பம் அறிந்த மெக்கானிக்குகள் அங்கே உளர். ரயிலில் அனுப்பும்போது கேரேஜை நடுவில் நிறுத்தி, இருபுறமும் அசையாதவாறு கயிற்றால் கட்டி அனுப்புக.

இவ்வளவு சொன்னபின், வீட்டுத் தலைவியரின் குரலும் நம் செவியில் விழாமலில்லை. "இரண்டு அறை வீட்டில் மனிதர் படுப்பதற்கே இடமில்லை, இரும்பை எங்கே வைப்பது?" நியாயமான கேள்வி. கண்டதையெல்லாம் வாங்குவது சேகரிப்பன்று. பங்கார்க் கடை வைப்பதாகும். நழுவிப்போன ஆங்கிலப் பொறிகளுக்காக வருந்தியிருப்பதும் வீண். கணக்குப் பட்டியல்களுக்கென்று செய்த நீண்ட கேரேஜ் பொறி எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், நம் மேசையில் அதற்கு இடமிராது. ஒரு வீட்டுக்கு ஒரு பொறி, அதுவும் ஓடும் பொறி, என்று வரையறுத்துக்கொண்டால் இல்லத்தில் அமைதி நிலைக்கும்.

கடைசியாக ஒன்று. நல்ல பொறிகள் சந்தைக்கு வருமுன் நம் வீடுகளின் பரண்களிலேயே இருக்கின்றன. ஓய்வுபெற்ற பெரியவர்கள் வீட்டில், சங்க அலுவலகங்களின் பின்னறையில், நின்றுபோன கையெழுத்துப் பத்திரிகைக்காரர்களின் அலமாரியில் அவை உறங்குகின்றன. வீட்டை விற்கும்போதோ, பிள்ளைகளோடு வேறு நகரம் செல்லும்போதோ, ஒரே நாளில் எல்லாம் பங்கார்க்காரர் வண்டியில் ஏறிவிடுகின்றன. அந்நாளுக்கு முன்பே கேட்டுவைப்பது நம் கடமை.

கேட்கும்போது நேர்மையும் வேண்டும். சந்தையில் கடைக்காரர் தாமே சொல்லும் விலைக்கு வாங்குவது வாணிகம். அவர் தொழில் அது, நம் அறிவு நமக்குப் பயன்பட்டது. பெரியவர் வீட்டில் அவ்வழக்குச் செல்லாது. கணவரை இழந்த மாமி ஒருவர், "யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும், இடம் அடைக்கிறது" என்று சொல்லும்போது, "சரி மாமி" என்று தூக்கிக்கொண்டு வருவது மலிவாக வாங்கியதாகாது. "மாமி, இது சாதாரணப் பொறியன்று, மாமா தமிழில் கடிதமெழுதிய பொறி. இதற்கு இன்ன விலை உண்டு. பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்களுக்கு வேண்டாமென்றால் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவேளை, பேரன் அதைத் தனக்கென்று கேட்பான்; நமக்குக் கிடைக்காமற் போகும். போகட்டும். பொறி தமிழ் தெரிந்த வீட்டிலேயே தங்கிற்று. அதை நழுவிய பேறு என்று நாம் எண்ண மாட்டோம்.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ தமிழ்த் தட்டெழுத்துப் பொறி இருக்குமாயின், அதன் பெயரையும் வரிசை எண்ணையும், ஓடுகிறதா இல்லையா என்பதையும், அதில் முன்பு தட்டெழுதியவர் யார் என்பதையும் நான்கு வரிகளில் நமக்கு எழுதி அனுப்புங்கள். ஓடாத பொறி வைத்திருப்பவரையும் பழுதுபார்க்கத் தெரிந்தவரையும் இப்பகுதி வாயிலாக இணைக்க முயல்வோம். கடிதத்தை அப்பொறியிலேயே தட்டெழுதி அனுப்பினால் நாம் இரட்டிப்பு மகிழ்ச்சி அடைவோம். சில புள்ளிகள் இடம் மாறி விழுந்திருந்தாலும் குற்றமில்லை.